எபேசுத் துறைமுகத்து மண்

ஏப்ரல் 27, ஞாயிறு

சர்க்கரை 148.

இது டாக்டர் எழுதச் சொன்ன நோட்டு. காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு, என்ன தின்றேன், எத்தனை தூரம் நடந்தேன், அவ்வளவுதான் இதில் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதித் தேறியவன் அதற்கு மேல் எழுத ஆசைப்படக் கூடாது. ஆனால் விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஏறியதும் தூங்கிவிட்டார். பேச ஆளில்லாமல் எழுத ஆரம்பித்தேன், கை நிற்கவில்லை.

இஸ்மிர் விமான நிலையத்துக்கு ஜெசிந்தா வந்திருந்தாள். இரண்டு வருடம் கழித்துப் பார்க்கிறேன். வெயிலில் கறுத்து, முடியைக் கத்தரித்துக்கொண்டு, யாரோ பெற்ற பிள்ளை மாதிரி நின்றாள். கட்டிப் பிடித்து அழுதாள். நானும் அழலாம் என்று மூக்கை உறிஞ்சியபோது பின்னாலிருந்து ஒரு கை வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டது. ஆறடி உயரம். வெள்ளை மீசை. என் வயதுதான் இருக்கும், ஆனால் தொப்பை இல்லை.

"அப்பா, இவருதான் ஜெவ்தெத் பாபா. எங்க டிரில்லிங் மேஸ்திரி."

"பாபான்னா?"

"இங்க அப்பாவ பாபாம்பாங்க. சைட்ல எல்லாரும் இவர அப்படித்தான் கூப்பிடுவோம்."

வந்த அழுகை திரும்பிப் போய்விட்டது.

மகள் குடியிருப்பது செல்ச்சுக் என்கிற சின்ன ஊர். பக்கத்திலேயே பழைய எபேசு. பூசையில் பைபிள் வாசகம் படிக்கும்போது கேட்ட பேர். அப்படி நிஜமாகவே ஓர் ஊர் இருக்கும் என்றும், அங்கே இரண்டாம் மாடியில் என் மகள் பால்கனி வைத்த வீடு பிடிப்பாள் என்றும் யார் நினைத்தது?

பெட்டியை அவளே பிரித்தாள். நெத்திலிக் கருவாடு, சீலா கருவாடு, அவள் அம்மா இடித்த மிளகுப் பொடி எல்லாம் வெளியே வந்தது. அடியில் கிடக்கிற என் உருப்படிகளை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்ததும் கேட்டாள்.

"பி.எச்.டி. சர்ட்டிபிகேட் கொண்டாந்தியளாப்பா? ஒரிஜினல்?"

"ஐயோ மக்ளே, மறந்துட்டேன் பாத்துக்கோ."

இங்கே இன்னும் மூன்று வருடத்துக்கு அவள் வேலையை நீட்டித் தருகிறார்களாம். அதற்கு அசல் சான்றிதழ் மே 21-க்குள் வேண்டுமாம். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நான் சொல்லி வைத்திருக்கும் வேலைக்கு மே 26 அன்று நேர்காணல். இரண்டில் ஒன்றுதான்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிப்பா. நாளு கெடக்கு" என்றாள்.

மறந்துவிட்டேன். வயசாகிவிட்டது.

ஏப்ரல் 29, செவ்வாய்

சர்க்கரை 151. நடை: எபேசு முழுவதும்.

துறைமுகத் தெரு என்று ஒன்று இருக்கிறது. அரை கிலோமீட்டர் நீளம், சலவைக்கல் பாவியது. கப்பலை விட்டு இறங்கிய பெரிய மனிதர்கள் அதன் வழியாகத்தான் ஊருக்குள் வருவார்களாம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எதிர்ப்பக்கமாக, கடலைப் பார்க்க நடந்தேன். தெரு முடிந்த இடத்தில் நாணல் காடு. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

"கடல எங்கட்டி?"

"ஏழு கிலோமீட்டர் தள்ளிப்பா."

ஓர் ஆறு கொண்டுவந்து தள்ளிய மண்ணாம் அவ்வளவும். கடல் விலக விலக, ஊரும் இடம் மாறிக் கடலைத் துரத்தியிருக்கிறது. லிசிமாக்கஸ் என்று ஒரு ராஜா புது ஊர் கட்டிவிட்டு சனங்களை வரச் சொல்லியிருக்கிறான். யாரும் அசையவில்லை. அவன் பெருமழைக்குக் காத்திருந்து, பழைய ஊரின் சாக்கடைகளை அடைத்துவிட்டானாம். வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதும் அத்தனை பேரும் தாமாகவே மூட்டை கட்டினார்களாம். விவரமான ஆள். எனக்குப் பிடித்துவிட்டது.

இன்னொன்றும் சொன்னாள். அந்தக் காலத்திலேயே துறைமுகத்தைத் தூர் வாரியிருக்கிறார்கள். கல் அறுக்கிற தூளைத் தண்ணீரில் தள்ளாதே என்று ஆளுநர் போட்ட உத்தரவு கல்லிலேயே வெட்டியிருக்கிறதாம். முப்பத்தொரு வருடம் தூத்துக்குடித் துறைமுகத்தில் மண் வாரும் கப்பலில் பம்ப் ஓட்டியவன் நான். ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்கு முன்னால் என் வேலையைச் செய்த ஒருவன் இந்த நாணலுக்குள் நின்று மேலதிகாரியைத் திட்டியிருப்பான் என்று நினைத்ததும் சொந்தக்காரன் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

ஜெவ்தெத் அந்த சந்தோஷத்தைக் கெடுத்தான். நாணலுக்கு நடுவில் இயந்திரத்தால் துளை போட்டு, ஆழத்து மண்ணைக் குழாய் குழாயாக எடுக்கிறார்கள். அதுதான் என் மகளின் ஆராய்ச்சி. டீ வந்தபோது அவன் அவளைக் கேட்காமலேயே இரண்டு கட்டி சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தான். அவள் டீக்குச் சர்க்கரையே போடாத பிள்ளை.

"எப்பட்டி சர்க்கர போட ஆரம்பிச்ச?"

"ரெண்டு வருசம் ஆச்சுப்பா."

அவளை அவன் 'கிஸிம்' என்று கூப்பிடுகிறான். என் மகளே என்று அர்த்தமாம். மத்தியானத்துக்குள் பதினேழு தடவை கூப்பிட்டான். பதினெட்டாவது தடவைக்குப் பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

மே 1, வியாழன்

தொழிலாளர் தினம், இங்கேயும் விடுமுறை. சாமான் அறை பூட்டிக் கிடக்கிறது என்று ஜெவ்தெத் இரண்டு மண் குழாய்களைத் தோளில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்தான். நீளவாக்கில் பிளந்த பிளாஸ்டிக் குழாய், உள்ளே கறுத்த சேறு. பால்கனியில் கிடத்தி, ஈரத்துணி போர்த்தி, குழந்தையைத் தூங்கப் போடுகிற மாதிரி கட்டி வைத்தான். அவள் அவன் தோளில் தட்டி என்னவோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

பிறகு சந்தைக்குப் போனோம். ஒரு ஆலிவ்காரன் அவனைக் காட்டி அவளிடம், "அப்பாவா?" என்று கேட்டான். அவள் என்னைக் காட்டினாள். ஆலிவ்காரன் நம்பின மாதிரி தெரியவில்லை.

மே 2, வெள்ளி

சர்க்கரை 163. மகள் வேலைக்குப் போன பிறகு பால்கனியைக் கழுவிவிட்டேன். ஒரே மண்.

மே 3, சனி

சாயங்காலம் எடுத்த சர்க்கரை 219. (பக்லாவா என்கிற இனிப்பு நான்கு துண்டு. டாக்டர் இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டாம்.)

நேற்று சாயங்காலம் அவள் பால்கனிக் கதவைத் திறந்து அப்படியே நின்றாள். குழாய் இரண்டும் பளபளவென்று சுவரில் சாய்ந்திருந்தன. நான் சோப்புப் போட்டு வேறு கழுவியிருந்தேன்.

"இதுல இருந்த மண்ண எங்கப்பா?"

"தோட்டத்துல கொட்டிட்டேன். ஒனக்கு எதுக்குட்டி வீட்டுக்குள்ள சகதி?"

"அப்பா... ஒம்போது மீட்டர் ஆழத்துல இருந்து எடுத்தது. ரெண்டாயிரம் வருசத்தக் குழாத் தண்ணியப் பீச்சிக் கழுவிட்டியளேப்பா!"

சத்தம் போட்டாள். பிறகு சத்தம் போடாமல் உட்கார்ந்தாள். அது இன்னும் மோசம். மண்ணைக் கண்டால் வெளியே தள்ளுவது முப்பத்தொரு வருடக் கைப்பழக்கம் என்று எடுத்துச் சொன்னேன். அது உண்மைதானே.

இன்று காலை ஜெவ்தெத் வந்தான். விஷயத்தைக் கேட்டான், என்னைப் பார்த்தான், மீசையைத் தடவினான். பிறகு அவளிடம் நீளமாகப் பேசினான்.

"என்னவாம்?"

"தப்பு அவரு மேலதானாம்பா. துணியச் சரியாக் கட்டாம, பேரு எழுதாம சும்மா போட்டுட்டுப் போயிட்டாராம். ஒங்க அப்பாவுக்கு எப்படித் தெரியும்னு சொல்லுதாரு."

துணி இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. குழாயில் ஒட்டிய பட்டையில் அவன் கையெழுத்து கொட்டை எழுத்தில் இருந்தது. நான்தானே அவிழ்த்தேன்.

அவன் எதற்கு என்னைக் காப்பாற்ற வேண்டும்? யார் கேட்டது? கோபத்தில்தான் பக்லாவா பெட்டியைத் திறந்தேன்.

மே 6, செவ்வாய்

மெற்றில்டா போன் பண்ணினாள். என் சம்சாரம் போனில் பேசினால் பக்கத்துத் தெருவுக்கும் கேட்கும், அதனால் நான் பால்கனிக்குப் போய்விட்டேன்.

"மாத்திர போடுதியளா?"

"போடுதேன்."

"அவ சர்ட்டிபிகேட்டு குடுத்துட்டியளா? நாந்தான கவருல போட்டு வச்சேன்."

"ம்."

"என்ன ம்? வாயத் தொறந்து சொல்லுங்க."

"லைன் சரியில்ல மெற்றில்டா. அலோ. அலோ."

தாயும் மகளும் தினம் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். சட்டினிக்குத் தேங்காய் எவ்வளவு என்பது வரைக்கும் பேசுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் பேசிக்கொள்ளவில்லை போலிருக்கிறது. நல்ல காலம்.

மே 9, வெள்ளி

ஜெவ்தெத் அவளுடைய கீசரைச் சரிபண்ணினான். நான் அதைச் சரிபண்ணலாம் என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவனையும் உட்கார வைத்தாள். நெத்திலி பொரித்து வைத்தேன், காரம் தாராளமாகப் போட்டு. அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு கை வாங்கித் தின்றான். பாராட்டினானாம். மனுஷனை ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவன் போன பிறகு அவள் கேட்டாள்.

"அப்பா, பையில நல்லாத் தேடிப் பாத்தியளா?"

"எந்தப் பையில?"

"எந்தப் பையிலயாவது."

மே 13, செவ்வாய்

சர்க்கரை எடுக்கவில்லை.

நான் கழுவிவிட்ட மண் இல்லாமல் அவள் அறிக்கை நிற்கிறது. வாடகைக்கு எடுத்த இயந்திரம் திரும்பிப் போய்விட்டது. அதனால் அதே இடத்தில் கையாலேயே துளை போடுகிறார்கள். இரண்டு பேர் தண்டைப் பிடித்துத் திருக வேண்டும், ஒரு முழம் இறங்கியதும் இழுக்க வேண்டும், மண்ணைக் குழாயில் அடுக்க வேண்டும். நேற்று ஜெவ்தெத்தோடு திருகியவன் இன்று வரவில்லை. "நான் வாரேன்" என்றேன். அவள் என் தொப்பையைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் சம்மதித்தாள்.

காலை ஏழு மணி முதல் நானும் அவனும் எதிரெதிரே நின்று செக்கு மாடு மாதிரி சுற்றினோம். பேச மொழி கிடையாது. மூச்சு வாங்கும்போது அவன் என்னைப் பார்ப்பான், நிறுத்தலாமா என்கிற மாதிரி. நான் நிறுத்த மாட்டேன். அவனும் நிறுத்த மாட்டான். பத்து மணிக்கு ஜெசிந்தாதான் வந்து இரண்டு பேரையும் அதட்டி உட்கார வைத்தாள்.

ஏழரை மீட்டரில் வந்த மண்ணை நான் கையில் எடுத்தேன். விரலில் தேய்த்தேன், மோந்தேன், நுனி நாக்கில் வைத்தேன்.

"ச்சீ, துப்புங்கப்பா!"

"சும்மா இருட்டி. இது ஆத்துல ஓடி வந்த மண்ணு இல்ல. நின்ன தண்ணியில படிஞ்சது. பாரு, கோதும மாவு மாதிரி. அழுகின முட்ட வாட வருது. எவனோ மடப்பய இங்கன துறைமுக வாயக் குறுக்கிருக்கான்."

அவள் கையில் இருந்த பென்சில் நின்றது.

"ஒங்களுக்கு யாருப்பா சொன்னா?"

"மண்ணு சொல்லுது."

நிஜமாகவே ஒரு ராஜா குறுக்கியிருக்கிறானாம். துறைமுகம் தூர்ந்துகொண்டே போகிறதே, பெரிய கப்பல் வர ஆழம் வேண்டுமே என்று, வாசலில் சுவர் எழுப்பி வாயைச் சின்னதாக்கிவிட்டானாம். வாய் சிறுத்தால் உள்ளே ஆழம் நிற்கும் என்று அவனுடைய எஞ்சினியர்களும் தலையாட்டினார்களாம். அதற்குப் பிறகுதான் மண் வேகமாக ஏறியதாம்.

எனக்குத் தொழில் கோபம் வந்துவிட்டது.

"கிறுக்குப் பய! எங்க போர்ட்ல கயிறு இழுக்குற, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத கலாசிக்கு இது தெரியும். தண்ணி ஏறணும், எறங்கணும். எறங்கும்போது மண்ண வாரிட்டுப் போவும். வாய அடைச்சா உள்ள வந்த மண்ணு உள்ளயே குத்த வச்சிரும். ஆழம் வேணும்னு ஆசப்பட்டு மேடாக்கிட்டான் பாரு. போறதப் போக விட்டாத்தானட்டி அது துறைமுகம்!"

அவள் சிரித்துக்கொண்டே ஜெவ்தெத்துக்கு எல்லாவற்றையும் சொன்னாள். கிறுக்குப் பயலுக்கும் துருக்கியில் வார்த்தை இருக்கிறது போலிருக்கிறது. அவனும் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கையில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே பேச ஆரம்பித்தான். அவள் மொழிபெயர்த்தாள். நிமிர்ந்து பார்க்காமல், மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவருக்கு ஒரு மக இருக்காப்பா. எலிஃப். நர்சு வேலைக்கு ஜெர்மனிக்குக் கூப்பிட்டாங்களாம். இவருக்கு அனுப்ப மனசில்ல. பாஸ்போர்ட்ட எண்ணெ டின்னுக்கு அடியில ஒளிச்சு வச்சிட்டு, காணும்னு சொல்லிட்டாராம். அவளும் நாலு நாளு கூடச் சேந்து தேடுனாளாம். அப்புறம் தேடுறத நிறுத்திட்டாளாம். புதுசு எடுத்துக்கிட்டுப் போயிட்டா. பதினோரு வருசம் ஆச்சு. அம்மா கூட மட்டும் போன்ல பேசுவாளாம். பழைய பாஸ்போர்ட்டு இன்னும் அந்த டின்னுக்கு அடியிலதான் கெடக்காம்."

நான் என் கையில் இருந்த மண்ணைப் பார்த்தேன்.

"இன்னொண்ணும் சொல்லுதாருப்பா. அன்னிக்கு ஏர்போர்ட்ல நான் ஒங்களக் கட்டிப் பிடிச்சேம்லா, அவரால பாக்க முடியலயாம். கைய எங்க வைக்கன்னு தெரியாமத்தான் ஒங்க பெட்டியத் தூக்குனாராம்."

எழுந்து மறுபடி தண்டைப் பிடித்தோம். ஒன்பது மீட்டர் வரைக்கும் திருகினோம். ஒருதரம் அவர் நிறுத்துவதற்கு முன்னாலேயே நான் நிறுத்தினேன்.

சர்க்கரை எடுக்க மறந்துவிட்டேன் என்று எழுத வந்தேன். இது நிஜமாகவே மறந்தது.

மே 15, வியாழன்

சர்க்கரை 139.

காலையில் அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சாப்பாட்டு மேசையில் கவரை வைத்தேன். சொல்ல வேண்டியதை மூன்று தடவை ஒத்திகை பார்த்திருந்தேன்.

"அம்மா கூரியர்ல அனுப்பிருக்கா போல. நேத்து வந்துச்சு."

அவள் வாயைத் துடைத்துவிட்டு வந்து சான்றிதழை வெளியே எடுத்தாள். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கண்ணை மூடினாள்.

"கூரியர்காரன் நெத்திலி யாவாரமும் பாக்கானோ?"

பதினெட்டு நாள் அந்தப் பெட்டியின் அடித்துணிக்குள் கிடந்தது. கருவாட்டை அவள் எடுத்துவிட்டாள். வாடையை யார் எடுப்பது? மண்ணை நக்கிப் பார்த்து ராஜாவின் புத்தியைச் சொன்னவனுக்குச் சொந்தப் பெட்டியின் நாற்றம் தெரியவில்லை.

"மொத நாளே பாத்துட்டேம்பா. நீங்க குளிக்கப் போனியள்லா, அப்பவே."

"பின்ன ஏன்டி கேக்கல?"

"கேட்டனே. ரெண்டு தடவ கேட்டேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாதான் சொன்னா. பேசாம இருட்டி, மனுசன் என்ன செய்யுதாருன்னு பாப்போம்னு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் எதிரே உட்கார்ந்து, சான்றிதழின் மூலையை நீவிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கும் முடிவு எடுக்கத் தெரியலப்பா. இங்கயும் இருக்கணும்னு இருக்கு. ஒங்க ரெண்டு பேரயும் விட்டுட்டு எப்படின்னும் இருக்கு. சரி, அப்பா கைல விட்டுருவோம்னு இருந்தேன். அவராக் குடுத்தா மூணு வருசம் இருப்போம். குடுக்கலன்னா பாளையங்கோட்டைக்குப் போயிருவோம்னு."

"அப்போ நான் இன்னும் ஆறு நாளு வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்திருந்தா?"

"ஒங்க கூடயே டிக்கெட் போட்டுருப்பேன்."

சும்மா சொன்னாளா, நிசமாகச் சொன்னாளா தெரியவில்லை. நான் மெதுவாகக் கையை நீட்டினேன், திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று. அவள் சான்றிதழை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்தோம். கண்ணைத் துடைக்க இந்த ஊரில் நல்ல துண்டு வைத்திருக்கிறார்கள்.

டீ கொடுத்தாள். நான் அவள் தம்ளரில் இரண்டு கட்டி போட்டேன்.

மே 20, செவ்வாய்

அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம். வாங்கிய அம்மாள் சான்றிதழைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், ஜன்னலைத் திறந்துவிட்டாள். முத்திரை குத்தினாள்.

வரும் வழியில் ஜெவ்தெத்துக்கு மீதிக் கருவாட்டைக் கொடுத்தேன். அவர் என்னைக் கட்டிப் பிடித்தார். கையை எங்கே வைப்பது என்று எனக்கும்தான் தெரியவில்லை. முதுகில் வைத்தேன்.

மே 26, திங்கள். தூத்துக்குடி

சர்க்கரை 144.

இன்றுதான் பாளையங்கோட்டை நேர்காணல் நாள். பத்து மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தரைக்கும் பார்த்தேன்.

மெற்றில்டா பெட்டியைத் திறந்து மூக்கைப் பொத்தினாள். "பெரிய ராசதந்திரி! ஒளிக்கதுக்கு ஒரு நல்ல எடம் கெடைக்கல ஒங்களுக்கு" என்றாள். அதைச் சோப்புப் போட்டுக் கழுவ எடுத்துப் போனவளை நான் தடுத்தேன். கழுவினது போதும், வெயிலில் மட்டும் வை என்றேன்.

சாயங்காலம் ஜெசிந்தா ஒரு படம் அனுப்பியிருந்தாள். நாங்கள் திருகி எடுத்த மண் குழாய், வரிசையாக. மேலே பட்டையில் அவள் கையெழுத்து. ஒவ்வொரு துளைக்கும் ஒரு பேர் வைக்க வேண்டுமாம், அறிக்கையில் அச்சாகுமாம். 'கஸ்பார் 1' என்று எழுதியிருந்தாள். என் பேர். பக்கத்தில் ஜெவ்தெத் நின்றார், கையைக் கட்டிக்கொண்டு.

கீழே இப்படி எழுதியிருந்தாள்: "முப்பது வருசமா தொள போடுதேன், என் பேருல ஒண்ணு கூட இல்லன்னு பாபா ரெண்டு நாளா என் கூடப் பேசல."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மீசை இரண்டு பக்கமும் தொங்கிப் போயிருந்தது. பாவம்தான்.

இன்னும் பெரிதாக்கி, மெற்றில்டாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.